பின்னிருக்கையிலிருந்து தொடங்கிய தேடல்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 1, ஞாயிறு

எங்கள் வீட்டில் ஏழு பேர். ஐந்து பேர் அமரும் காரில் எல்லோரும் ஒன்றாகப் போக முடியாததால், எங்கே புறப்பட்டாலும் இருவர் வீட்டில் தங்கிவிடுகிறார்கள். அந்த இருவர் பெரும்பாலும் என் மாமனாரும் மாமியாருமாகவே இருக்கிறார்கள். அத்தைக்கு இரு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, குனிந்து காலை மடக்கிக் காருக்குள் ஏறுவதே பெரும்பாடாகிவிட்டது. பழைய மினிவேன் ஒன்றை வாங்குவது என்று இன்று நானும் கணவரும் முடிவு செய்தோம். எஸ்.யூ.வி. வண்டிகளிலும் மூன்றாவது வரிசை உண்டுதான். ஆனால் அவற்றின் தளம் உயரம், கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கும். அத்தைக்குத் தாழ்ந்த தளமும் ஸ்லைடிங் கதவும் வேண்டும்.

தனியாரிடம் வாங்கினால் விலை குறையலாம். ஆனாலும் எழுத்தில் உறுதி கேட்டு வாங்கவும், பழுது வந்தால் திரும்பிப் போய் நிற்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதால், வியாபாரியிடமே வாங்கலாம் என்று சொன்னேன். முன்னால் அமரப்போவது நாங்கள் இருவர், பின்னால் அமரப்போவது ஐந்து பேர். ஆகவே எந்த வண்டியையும் பின்னிருக்கையிலிருந்தே பார்க்கத் தொடங்குவது என்று தீர்மானித்திருக்கிறேன்.

மார்ச் 7, சனி

முதல் வண்டியைப் பார்த்தோம். வெளியே கண்ணாடிபோல் பளபளத்தது. உள்ளே வாசனைத் திரவியம் தலைவலி வருமளவுக்கு நெடியடித்தது. விற்பனையாளர் பானெட்டைத் திறந்து காட்ட விரைந்தபோது, நான் மூன்றாவது வரிசைக்குப் போய் அமர்ந்துகொண்டேன். அங்கிருந்த சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தேன். வழக்கமாக யாரும் இழுக்காத கடைசி ஒரு சாண் நீளத்தில், நாடாவின் குறுக்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதற்குக் கீழே நாடா விறைத்துப்போயிருந்தது. நகத்தால் சுரண்டியதும் மாவுபோல் மண் உதிர்ந்தது. இருக்கையைத் தரையோடு இணைக்கும் போல்ட்டுகளில் செந்துரு ஏறியிருந்தது. தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கியபோது, அடியிலிருந்த பஞ்சில் ஈரம் இன்னும் காயவில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருக்கை உறையை மாற்றிவிடலாம், தரையையும் கழுவிவிடலாம். ஆனால் தரைவிரிப்பின் அடியில் ஓடும் ஒயர்களின் இணைப்புகளுக்குள் புகுந்த நீர், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அரித்து, எதிர்பாராத நாளில் வேலையைக் காட்டும். மோதலில் விரியும் காற்றுப்பையை (ஏர்பேக்) இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, பல வண்டிகளில் நடுத்தளத்தில் தாழ்வாகத்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. என் குழந்தைகள் அதை நம்பி அமரப்போகிறார்கள் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. கழுவியபோது நனைந்த ஈரம் என்றார் விற்பனையாளர். கழுவுகிற நீர் பெல்ட் சுருளுக்குள் வண்டலைக் கொண்டுபோய்ச் சேர்க்காது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

மார்ச் 8, ஞாயிறு

இன்னும் இரண்டு வண்டிகளைப் பார்த்தோம். ஒன்றுக்கு சர்வீஸ் புத்தகமே இல்லை. மற்றொன்றில், நாங்கள் போகும்போதே பானெட் சுட்டது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பார்க்க விடாமல் முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருந்தார்கள். பழைய எஞ்சின் தன் குறையை முதல் சில நொடிகளின் சத்தத்திலும் புகையிலும்தான் காட்டும் என்பதால், அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

மார்ச் 14, சனி

இன்று வேறொரு வியாபாரியிடம் ஏழு பேருமாகப் போனோம். 2018ஆம் ஆண்டு மாடல். ஓடோமீட்டர் 96,000 கிலோமீட்டரைக் காட்டியது. சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு பதிவிலும் தேதியும் கிலோமீட்டரும் ஏறுமுகமாகவே இருந்தன. பிரேக் பெடலின் ரப்பரும் ஸ்டீயரிங்கின் தோலும் அந்த ஓட்டத்துக்கேற்ற அளவே தேய்ந்திருந்தன. 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட வண்டியின் அடையாள எண்ணை, முன்கண்ணாடியின் அடியிலும் கதவுத் தூணிலும் பதிவுச் சான்றிலும் கணவர் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று டயர்களின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி 2422 என்றிருந்தது. அதாவது 2022ஆம் ஆண்டின் 24ஆவது வாரம். நான்காவதில் மட்டும் 0818. ஓர் அச்சில் எட்டு வயது டயரும் நான்கு வயது டயரும் சேர்ந்து ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, குறித்துக்கொண்டேன்.

இரு பக்கமும் ஸ்லைடிங் கதவு. 1983ஆம் ஆண்டின் இறுதியில் கிரைஸ்லர் நிறுவனம் தன் முதல் மினிவேனைக் கொண்டுவந்தபோது இந்தக் கதவு ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. குழந்தையை ஒரு கையிலும் பையை மறு கையிலும் ஏந்தி நின்ற எவருக்கும், மறுபக்கக் கதவு எவ்வளவு பெரிய உதவி என்பது விளங்கும். இடக் கதவு சத்தமின்றி ஓடியது. வலக் கதவு பாதி வழியில் ஒரு கணம் தயங்கி, பிறகு நகர்ந்தது. வண்டியைச் சரிவில் நிறுத்திவைத்தும் மூடிப் பார்த்தேன். அங்கே தயக்கம் கூடியது. கீழ்த் தண்டவாளத்தில் விரலை ஓட்டியபோது, மணலும் கெட்டிப்பட்ட கிரீஸும் ஒட்டிக்கொண்டு வந்தன. அத்தை கைப்பிடியைப் பற்றி, முதலில் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் உள்ளே எடுத்துக்கொண்டார். யாரும் கை கொடுக்கவில்லை.

ஓட்டிப் பார்த்தபோது, கணவரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். முன்னால் ஏ.சி. நன்றாகக் குளிர்ந்தது, பின்கூரைத் துவாரங்களில் காற்று வந்ததே தவிர, குளிர்ச்சி வரவில்லை. ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

மார்ச் 17, செவ்வாய்

எங்கள் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்ட வேண்டும் என்றதும், வியாபாரி தயங்காமல் சாவியைக் கொடுத்தார். அவர் மீது எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரத்தின் மேலே விளக்கைப் பிடித்து, என்னையும் அடியில் வந்து பார்க்கச் சொன்னார். பின் ஏ.சி.க்குப் போகும் அலுமினியக் குழாய்கள் தளத்துக்கு அடியில் நெடுந்தூரம் போகின்றன. சேறும் நீரும் தெறிக்கும் அந்த இடத்தில் ஓர் இணைப்பு வெள்ளைப் பொடி பூத்து அரித்திருந்தது, அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தது. குளிரூட்டும் வாயுவோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரஸர் எண்ணெய் கசிந்த தடம் அது என்று விளக்கினார்.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. ஆனால் ஓடும்போது அந்தக் கணினி தானே நடத்தும் புகைக் கட்டுப்பாட்டுக்கான சுயசோதனைகளில் சில முடிவுறாமல் இருந்தன. யாரோ குறியீடுகளை அழித்திருந்தாலும் அப்படிக் காட்டும், பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் அப்படியே காட்டும். சில நாட்கள் ஓட்டிய பிறகு மறுபடி பார்ப்பதே சரி என்றார். இந்த எஞ்சினில் பிஸ்டன்களையும் வால்வுகளையும் இசைந்து இயங்க வைப்பது செயின் அல்ல, டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை. அதை மாற்ற வேண்டிய காலம் நெருங்கிவிட்டது, மாற்றியதற்கான பில்லும் இல்லை. ஓடும்போது அது அறுந்தால், இவ்வகை எஞ்சினில் பிஸ்டன் வால்வுகளில் மோதி எஞ்சினே பாழாகும் என்றும், அதே உழைப்பில் வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிட வேண்டும் என்றும் அவர் எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 18, புதன்

மெக்கானிக்கின் குறிப்பை வியாபாரியின் மேசை மீது வைத்துவிட்டு, விலையைக் குறைக்கச் சொல்லாமல் வேலைகளை முடித்துத் தரும்படி கேட்டேன். விலையில் கழித்துக்கொண்டு வந்திருந்தால், அந்தப் பணம் வேறு செலவில் கரைந்து, பெல்ட் மாற்றுவது தள்ளிக்கொண்டே போயிருக்கும். என் கை எனக்குத் தெரியும். ஏ.சி. குழாய், பெல்ட், பம்ப், ஒரு டயர், வலக் கதவின் உருளைகள் ஆகிய அனைத்தையும் மாற்றித் தருவதாகவும், சுயசோதனைகள் முடியாவிட்டால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தருவதாகவும் அவர் எழுதிக் கையெழுத்திட்டார். பேட்டரியைச் சென்ற வாரம் மாற்றியதற்கான பில்லையும் எடுத்துக் காட்டினார். வண்டி மீது கடன் நிலுவை இல்லை என்பதற்கான சான்றைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தோம்.

இரவில், தயாரிப்பாளரின் இணையதளத்தில் அடையாள எண்ணை இட்டு, குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் விடுக்கும் திரும்ப அழைப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று பார்த்தேன். டக்காட்டா நிறுவனத்தின் குறையுள்ள காற்றுப்பைகளை மாற்றுவதற்காகக் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதையும், கைமாறிய வண்டிகளின் புது உரிமையாளர்களுக்கு அறிவிப்பு சேராமலே போகக்கூடும் என்பதையும் படித்த நாள்முதல், இதைச் செய்யாமல் இருக்க மனம் வருவதில்லை. எங்கள் எண்ணுக்கு எதுவும் நிலுவையில் இல்லை.

மார்ச் 25, புதன்

வேலைகள் முடிந்தன. கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உட்புறப் பற்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள் இருந்தன. இடையில் வியாபாரியின் ஆட்கள் வண்டியைச் சில நாட்கள் ஓட்டியிருந்தார்கள். எங்கள் மெக்கானிக் வந்து மறுபடி ஸ்கேனரை இணைத்தார்; எல்லாச் சோதனைகளும் முடிந்திருந்தன, குறியீடு எதுவும் இல்லை. அதன் பிறகே மீதித் தொகையைக் கட்டினோம்.

பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதிப் பானெட்டின் உட்புறத்தில் ஒட்டினேன். வீட்டுக்கு ஓட்டி வரும்போது மூன்றாவது வரிசையிலிருந்து மகள், குளிர்கிறது, காற்றைக் குறையுங்கள் என்று கேட்டாள். குறைத்தேன்.