ஏரியின் ஆழம் அறிந்து தூண்டில் போட்ட அனுபவம்

பொது ஏரி என்பதால் யாரும் எப்படி வேண்டுமானாலும் மீன் பிடிக்கலாம் என்று பொருளல்ல. அனுமதிச் சீட்டு வாங்கும்போதே, எந்த மாதங்களில் தூண்டில் போடக்கூடாது, எந்த அளவுக்குக் குறைந்த மீனைத் திரும்ப நீரில் விடவேண்டும், ஒருவர் எத்தனை மீன் எடுத்துச் செல்லலாம் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டேன். முட்டையிடும் பருவத்தை ஒட்டி வைக்கப்படும் தடைக்காலம் சிறிய ஏரிக்கு மிகவும் முக்கியமானது. அங்கே சினை மீன்கள் சில பிடிபட்டாலே அடுத்த தலைமுறை மெலிந்துவிடும்.

தொடக்கத்தில் தூண்டிலை எடுக்காமல் கரையைச் சுற்றி நடந்து நீரை மட்டும் பார்த்தேன். கெண்டை அடிச்சேற்றைக் கிளறி இரை தேடும்போது, சேற்றில் அடைபட்டிருந்த வாயு சிறு குமிழிகளாகக் கொத்துக்கொத்தாக மேலெழும். அந்தக் கொத்து மெல்ல நகர்ந்தால் மீன் மேய்ந்துகொண்டே போகிறது என்று கொள்ளலாம். காற்று நெடுநேரம் ஒரே திசையில் வீசும் நாளில், மேல்நீரும் அதில் மிதக்கும் பூச்சிகளும் காற்று சென்று மோதும் கரையில் ஒதுங்குகின்றன. சிறு மீன்களும் அங்கேதான் கூடுகின்றன. நீர்ச்செடிகள் அடர்ந்த ஏரியில் இரவு முழுவதும் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியலை ஒட்டிய நேரத்தில்தான் அதன் அளவு மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த ஏரியில் இருள் பிரிந்தவுடன் மந்தமாக இருந்த மீன்கள், வெளிச்சம் நன்றாகப் பரவிய பிறகே சுறுசுறுப்பாக இரை எடுத்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

ஆனால் இடத்தைத் தெரிந்துகொள்வதைவிட ஆழத்தைத் தெரிந்துகொள்வதே எனக்கு உண்மையான திருப்பமாக அமைந்தது. தூண்டில் முள்ளில் ஒரு கனமான ஈயக்குண்டைத் தற்காலிகமாக மாட்டி, மிதக்கும் தக்கையைத் தூண்டில் நரம்பில் ஓர் உயரத்தில் நிறுத்தி வீசினேன். தக்கை முழுவதுமாக மூழ்கிப்போனால் நீர் நான் வைத்த அளவைவிட ஆழம். தக்கை படுத்துக்கொண்டால் நரம்பு தேவைக்கு மேல் நீளம். தக்கையை மேலும் கீழும் நகர்த்தி, அதன் நுனி மட்டும் நீர்மட்டத்தில் தெரியும்படி வந்ததும், அந்த நீளத்தைக் கோலின்மேல் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இப்படியே கைவீச்சுக்கு ஒரு முறை இடம் மாற்றி அளந்தபோது, நீரின் மேலிருந்து பார்த்தால் சற்றும் தெரியாத ஒரு விளிம்பு மதகின் அருகே புலப்பட்டது: கரையோரத்தில் இடுப்பளவு மட்டுமே இருந்த நீர், அங்கே திடீரென்று ஆளுயரத்துக்கு இறங்கியது. கரைக்கு மண் எடுத்த பள்ளமாக இருக்கலாம். ஆழத்தின் பாதுகாப்பும் மேட்டில் கிடைக்கும் இரையும் அருகருகே இருப்பதால், கெண்டைகள் அந்த விளிம்பை ஒட்டியே போய்வந்தன. அதுவரை நடுநீரில் தொங்கிக்கொண்டிருந்த என் மண்புழு இப்போது அவற்றின் வழியில் தரையைத் தொட்டுக் கிடந்தது.

முள்ளின் அளவைப் பொறுத்தவரை, எண் கூடக் கூட முள் சிறியது என்பதை நினைவில் வைத்து, மண்புழுவுக்கு 10ஆம் எண் முள்ளைத் தேர்ந்தேன். நைலான் நரம்பில் முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைத்துவிட வேண்டும். உலர்ந்த நிலையில் இழுத்தால் உராய்வின் சூட்டில் நரம்பு பலமிழந்து, பெரிய மீன் இழுக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் அறும்.

தக்கையின் அசைவைப் படிப்பது தனிக் கல்வி. சிறு மீன்கள் கொறிக்கும்போது அது நடுங்கிக்கொண்டே இருக்கும். அதற்குக் கோலை உயர்த்துவதில் பயனில்லை. கெண்டை தரையிலிருந்து இரையை உறிஞ்சித் தலை நிமிரும்போது, முள்ளுக்கு அருகிலுள்ள சிறு குண்டையும் சேர்த்துத் தூக்குவதால் தக்கை அமிழாமல் மேலே எழும்பிச் சாய்கிறது. அந்த நொடியில் கோலை நிதானமாக உயர்த்தினால் முள் பெரும்பாலும் உதட்டிலேயே பதிகிறது.

பிடித்த மீனை விடுவதிலும் அதே கவனம் வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியைக் குறடால் முன்பே நசுக்கிவிடுகிறேன். கைகளை நனைத்த பிறகே மீனைத் தொடுகிறேன், ஏனெனில் உடலின் வழவழப்பு அதை நோய்த்தொற்றிலிருந்து காக்கும் கவசம். ஆழமாக விழுங்கப்பட்ட முள்ளைக் குடைந்து எடுப்பதைவிட நரம்பை வெட்டிவிடுவதே நல்லது. விரால் குஞ்சுகள் சிவந்த கூட்டமாக மேலே மொய்க்கும் இடத்தில் தாயும் தந்தையும் காவலிருக்கும். அங்கே இரை போடுவதில்லை. நீர்ப்பறவைகள் விழுங்கினால் ஈயம் நஞ்சாகும் என்பதால், சிறு குண்டுகளை வெள்ளீயத்துக்கு மாற்றிவிட்டேன். வெட்டிய நரம்புத் துண்டுகளும் பறவைகளின் கால்களில் சுற்றிக்கொள்பவை. அவை என் பையில்தான் வீடு திரும்புகின்றன.

மழைக்குப் பின்னும் கோடையிலும் நீர்மட்டம் மாறுவதால், குறித்துவைத்த நீளங்கள் நெடுநாள் செல்லுபடியாவதில்லை. இப்போது மட்டம் இறங்கி, மதகருகே மேட்டுப்பகுதி முழங்காலளவாகிவிட்டதால், எதிர்க்கரையின் நாணல் ஓரத்தைப் புதிதாக அளக்கத் தொடங்கியிருக்கிறேன்.