அரேக்கோவில் ஒரு தோல் பட்டறை

தோல் தொழிலில் இருப்பவர்களுக்குக் கெப்ராச்சோ தெரிந்திருக்கும். தோலைப் பதனிட உதவும் செம்பழுப்பு நிறத் தூள். மூட்டையில் வரும். பிரித்துக் கொட்டும்போது மூக்கில் ஏறினால் அரை நாளைக்குத் தும்மல் நிற்காது. பத்தொன்பது வயதில் ஆம்பூரில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலைக்குச் சேர்ந்தபோது என்னை முதலில் ஸ்டோரில்தான் நிறுத்தினார்கள். மூட்டையின் மேல் 'அர்ஜென்டினா' என்று அச்சடித்திருக்கும். அந்த நாட்டின் வடக்கே சாக்கோ காடுகளில் வளரும் ஒரு மரத்தின் சாறு அது. அந்த மரம் தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். கோடாலியை உடைக்கும் மரம் என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அது எடை போட வேண்டிய ஒரு மூட்டை, அவ்வளவுதான்.

இருபத்தாறு வருடம் கழித்து அந்த நாட்டுக்கே வேலையாக வந்திருக்கிறேன். புவெனஸ் அயர்ஸுக்கு வெளியே ஒரு டேனரியில் மூன்று மாதம். மே மாதம் இங்கே இலையுதிர் காலம். பாய்லர் சோதனைக்காக இரண்டு நாள் வேலை நிறுத்தி வைத்திருந்தார்கள். தோலை மருந்தோடு போட்டுச் சுழற்றும் டிரம் பகுதியில் இருக்கும் நண்பர் ஒருவர், "உனக்குத் தோல் பிடிக்கும், அரேக்கோவுக்குப் போய் வா. அங்கே பதனிடாத தோலில் வேலை செய்கிறார்கள்" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பச்சைத் தோல் நனைந்தால் அழுகும், காய்ந்தால் பலகையாகும். அதைச் சரி செய்யத்தானே சுண்ணாம்பு, குரோம், கடுக்காய், ஆவாரம்பட்டை, இந்தக் கெப்ராச்சோ எல்லாம்? தோலைத் தோலாகவே வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அதைப் பார்க்கத்தான் போனேன்.

ஊரின் முழுப் பெயர் சான் அந்தோனியோ தே அரேக்கோ. தலைநகரிலிருந்து 113 கிலோமீட்டர். ரெத்தீரோ பஸ் நிலையத்தில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நகரம் முடிந்ததும் பாம்பா சமவெளி தொடங்கிவிடுகிறது. ஒரு மேடு கிடையாது. சோயா அறுத்து முடித்த வயல்களில் தானியத்தை நீளமான வெள்ளை பிளாஸ்டிக் பைகளில் அடைத்து அப்படியே தரையில் கிடத்தியிருந்தார்கள். பெரிய மலைப்பாம்பு படுத்திருப்பதைப் போல இருந்தது. வேலிக் கம்பங்களின் உச்சியில் ஒர்னேரோ என்ற சின்னப் பறவையின் மண் கூடு, சரியாக ஒரு அடுப்பைப் போலவே. அர்ஜென்டினாவின் தேசியப் பறவை அதுதான்.

நான் இறங்கியபோது மதியம் ஒன்றரை. ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. சியெஸ்தா என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் ஒரு ஊர் முழுக்க ஒன்றாகக் கதவைச் சாத்துவதை அன்றுதான் பார்த்தேன். மளிகைக் கடை, மருந்துக் கடை, ரொட்டிக் கடை எல்லாமே சாத்தியிருந்தன. கல் பாவிய தெருக்கள். பெரும்பாலும் ஒரே தளம் உள்ள பழைய வீடுகள், ஜன்னல்களில் இரும்புக் கிராதி. தெருமுனை வீடுகளின் மூலையைக் கூர்மையாக விடாமல் சாய்வாக வெட்டி, அங்கேதான் வாசல் வைத்திருக்கிறார்கள். சைக்கிள்களைப் பூட்டாமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு நாய் மட்டும் என்னோடு நான்கு தெரு வந்தது. வேறொரு நாயின் எல்லை வந்ததும் நின்றுவிட்டது.

சதுக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே தேவாலயம். இந்த ஊருக்குப் பெயர் கொடுத்தவர் பதுவை அந்தோணியார், நம் ஊரில் கோடி அற்புதர் என்று செவ்வாய்தோறும் கூட்டம் கூடும் அதே அந்தோணியார். 1730 வாக்கில் இங்கே எழுந்த ஒரு சிற்றாலயத்தைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்திருக்கிறது. இலைகள் உதிரும் சத்தம் தனியாகக் கேட்டது. இருபத்தாறு வருடமாக டிரம் சுற்றும் சத்தத்திலேயே இருந்த காது எனக்கு. அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் ஆற்றங்கரைக்குப் போனேன். அரேக்கோ ஆறு சின்னது. அதன் மேல் 1857-ல் கட்டிய பழைய பாலம், இளஞ்சிவப்புச் சுவர்களோடு நிற்கிறது. அந்தக் காலத்தில் இதைக் கடக்கச் சுங்கம் வசூலித்தார்களாம். இவ்வளவு சாதுவான ஆறு 2009 டிசம்பரில் ஊருக்குள் புகுந்திருக்கிறது. நான் தங்கிய வீட்டு அம்மா, சுவரில் தன் இடுப்புக்கு மேலே கையை வைத்து, "இது வரைக்கும்" என்று காட்டினார். அவருக்கு எழுபது வயதிருக்கும். மூழ்கிய பொருள்களில் எதற்கு இன்னும் வருத்தம் என்று கேட்டேன். தன் அப்பாவின் சேணம் என்றார். நாற்பது வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்து கெடாதது, மூன்று நாள் சேற்றில் கிடந்து போய்விட்டதாம்.

மாலை ஐந்து மணிக்கு ஊர் எழுந்தது. பட்டறைக்கு வழி சொன்னதும் அந்த அம்மாதான். கதவைத் தட்டாதே, வாசலில் நின்று கை தட்டு என்றார். கிராமப்புறத்தில் அதுதான் வழக்கமாம். இரண்டு முறை தட்டினேன். உள்ளேயிருந்து பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, யார், என்ன என்று எதுவும் கேட்காமல் உள்ளே வரச் சொன்னார்.

இந்த வேலை செய்பவர்களைச் சொகேரோ என்கிறார்கள். நான் அவரை எல்லோரையும் போல மாஸ்ட்ரோ என்று கூப்பிட்டேன். என் அரைகுறை ஸ்பானிய மொழியில், நானும் தோல் வேலைக்காரன்தான், இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் உறைத்தது வாசனைதான். டேனரி நாற்றம் இல்லை. சுண்ணாம்பு இல்லை, சல்பைடு இல்லை, குரோம் இல்லை. காய்ந்த வைக்கோலும் மாட்டுக் கொழுப்பும் கலந்த ஒரு வாசனை, அவ்வளவுதான். சுவர் முழுக்கக் கடிவாளங்கள், லகான்கள், சாட்டைகள், வட்டமாகச் சுருட்டிய லாஸோக் கயிறுகள். எல்லாம் பாலேட்டின் நிறத்தில், பதனிடாத தோலின் நிறத்தில் இருந்தன.

எப்படி என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். உரித்த தோலைத் தரையில் இழுத்து விரித்து, சுற்றிலும் முளை அடித்துக் காய வைப்பார்கள். மயிரைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு எடுப்பதில்லை, கத்தியால் சிரைத்து எடுப்பார்கள். சுண்ணாம்பு பட்டால் தோலின் பலம் போய்விடும் என்பது அவர் கட்சி. யோசித்துப் பார்த்தால் அது சரிதான். சுண்ணாம்பு நாரைப் பிரித்து உப்ப வைக்கும். மருந்து உள்ளே இறங்க எங்களுக்கு அது வேண்டும். அவருக்கோ நாருக்குள் எதுவும் இறங்க வேண்டியதில்லை, நார் நாராகவே இருந்தால் போதும்.

மருந்துக்குப் பதில் இங்கே உழைப்பு. காய்ந்த தோலைக் கொட்டாப்புளியால் அடித்து அடித்து இளக்குகிறார்கள். வாராக வெட்டியதை, நடுவே பிளந்த ஒரு கட்டைக்குள் நுழைத்து முன்னும் பின்னுமாக இழுக்கிறார்கள். அதற்கு மொர்தாஸா என்று பெயர். கொழுப்பைத் தடவி மறுபடியும் இழுக்கிறார்கள். ஒரு வார் கையில் துணி மாதிரி விழும் வரைக்கும். எங்கள் டிரம் எட்டு மணி நேரத்தில் செய்வதை இவர் தோள்பட்டை நாள்கணக்கில் செய்கிறது.

பிறகு அவர் வார் வெட்டிக் காட்டினார். தட்டு அளவுக்கு ஒரு வட்டத் தோல். அதன் ஓரத்தில் கத்தியை வைத்து, கட்டை விரல் நகத்தை அளவாகக் கொடுத்து, மற்றக் கையால் தோலை இழுத்தார். கத்தி அசையவில்லை, தோல்தான் சுழன்று வந்தது. ஆப்பிள் தோல் சீவுவதைப் போல வட்டம் சிறுத்துக்கொண்டே போக, தரையில் வார் குவிந்துகொண்டே இருந்தது. முடித்து நீட்டிப் பார்த்தால் பட்டறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. நான் பாக்கெட்டிலிருந்த, தடிமன் அளக்கும் திக்னெஸ் கேஜை எடுத்து ஆறேழு இடத்தில் வைத்துப் பார்த்தேன். முள் பெரிதாக நகரவில்லை. அந்த மாதிரிச் சமமாக வர எங்களுக்குத் தோலைச் சீவும் ஷேவிங் மிஷின் வேண்டும்.

அந்த வாரின் நான்கு விளிம்பையும் சாய்வாகச் சீவினார். அப்படிச் செய்தால்தான் பின்னும்போது ஒன்றோடு ஒன்று கச்சிதமாக உட்காருமாம். பின்னும்போது தோல் லேசான ஈரத்தில் இருக்க வேண்டும். அதிகம் நனைந்தால் இழுபட்டு மெலிந்துவிடும், குறைந்தால் மடியும் இடத்தில் வெடிக்கும். கன்னத்தில் ஒற்றிப் பார்த்துத்தான் ஈரத்தைக் கணிக்கிறார். காய்ந்ததும் பின்னல் தானாகவே இறுகிக்கொள்கிறது. நான்கு பிரி லாஸோ ஒன்றை என்னிடம் கொடுத்து, இழு என்றார். முழு பலத்தோடு இழுத்தேன். ஒரு மாட்டை நிறுத்தும் கயிறு அது, எனக்கா அசையும்?

நடுவில் மாத்தே வந்தது. சுரைக்குடுக்கையில் இலைத்தூள், உலோக உறிஞ்சுகுழல், ஃபிளாஸ்க்கில் கொதிக்காத வெந்நீர். ஒரே குடுக்கை, எல்லோருக்கும் முறை வைத்துப் போகும். 'நன்றி' என்று சொன்னால், 'எனக்குப் போதும்' என்று அர்த்தம், அடுத்த சுற்றில் நம்மைத் தாண்டிப் போய்விடும். டேனரியில் இதை முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் ஐந்து சுற்று வரை வாய் திறக்கவில்லை.

அவர் மடியில் கிடந்த தோலில் ஒரு சூட்டுக்குறி இருந்தது. அரை வட்டமும் அதன் கீழே ஒரு கோடும். எங்கள் தரம் பிரிக்கும் மேஜையில் அது குறை, உடனே இரண்டாம் தரத்துக்குத் தள்ளிவிடுவோம். அவர் விரலால் அதைத் தடவி, ஊருக்கு வடக்கே இருக்கும் ஒரு பண்ணையைச் சொன்னார். இங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு குறி, அரசாங்கத்தில் பதிவு செய்தது. "செவலை, நெற்றியில் வெள்ளை. கிழப் பசு. கெட்ட குணம்" என்றார். அந்தப் பசுவை அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை தரையெல்லாம் வெண்பனி. ஆற்றுக்கு அந்தப் பக்கம், 1938-ல் திறந்த கௌச்சோ அருங்காட்சியகத்துக்குப் போனேன். கௌச்சோ என்றால் இந்தச் சமவெளியின் குதிரையேறும் மாட்டுக்காரர். ரிகார்தோ குவிரால்தெஸ் என்ற எழுத்தாளரின் பெயரில் இருக்கிறது. இந்த ஊர்ப்புறத்து மாட்டுக்காரர்களை எழுதியவர். அங்கே இருந்த பழைய சாராயக் கடையும் அதன் இரும்புக் கிராதியும் எல்லோரும் படம் எடுக்கும் இடம். நான் நெடுநேரம் நின்றது தோல் பொருள்களுக்கு முன்னால். குதிரையின் பின்னங்கால் தோலைக் குழாயாக உருவி, ஈரத்தோடு காலில் மாட்டி, காலின் வடிவத்திலேயே காய வைக்கும் பூட்ஸ். அதில் குதிரையின் முட்டிமடிப்புதான் மனிதனின் குதிகால். தோலுறை போட்ட மூன்று கல் குண்டுகளைக் கயிற்றில் கட்டிய எறிகயிறு, ஓடும் மாட்டின் காலில் சுற்றி வீழ்த்துவதற்கு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இந்தச் சமவெளியில் காட்டு மாடுகளைத் தோலுக்காகவே வேட்டையாடி, இறைச்சியை அழுக விட்டுவிட்டுப் போனார்கள். கப்பல் கப்பலாகத் தோல் ஐரோப்பாவுக்குப் போனது. மரமும் இரும்பும் அரிதாக இருந்த இடத்தில் கதவு, கட்டில், வாளி, ஆற்றைக் கடக்கும் தோணி எல்லாமே பச்சைத் தோல்தான். அவ்வளவு தோலை வீணாக்கிய அதே மண்ணில், ஒரு வட்டத் தோலிலிருந்து கடைசி அங்குலம் வரை வார் எடுக்கும் கையும் வளர்ந்திருக்கிறது.

பஸ்ஸுக்கு முன் மறுபடியும் பட்டறைக்குப் போய் வாசலில் கை தட்டினேன். ஒரு சாண் வார் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அதன் ஓரத்தில் கத்திக்குத் தப்பிய நாலைந்து செவலை மயிர் இருந்தது. என்னைத் திருப்பி நிறுத்தி, என் முதுகில், தண்டுவடத்துக்கு வலப்பக்கம் இடுப்புக்குச் சற்று மேலே விரல் வைத்து, "இங்கேயிருந்து எடுத்தது" என்றார்.

வெள்ளிக்கிழமை பாய்லர் ஓடத் தொடங்கியது. காலை ஏழு மணிக்கு உப்புத் தோல் வண்டி வந்து இறங்கியது. எழுநூறு தோல், லாட் நம்பர் போட்டு, நேராகச் சுண்ணாம்பு டிரம்முக்குப் போக வேண்டியவை. மேலே கிடந்த ஒன்றை இழுத்து விரித்து உப்பைத் தட்டினேன். கருப்பு. இடது தொடைப் பக்கம் ஒரு சூட்டுக்குறி, குதிரை லாடத்தைப் போல வளைந்து. இது எந்தப் பண்ணையுடையது என்று வண்டியில் வந்த பையனிடம் கேட்டேன். அவன் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தான்.