வேலூர்த் துணிக்கடைகளில் ஒரு ழகரம்: பருவக் கட்டுரை எழுதிய அனுபவம்

முதுகலை மொழியியலில் தரவு திரட்டி எழுத வேண்டிய பருவக் கட்டுரைக்கு, வேலூர்ப் பேச்சில் ழகரம் யகரமாக ஒலிப்பதை எடுத்துக்கொண்டேன். வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்பது சென்னையிலும் வட ஆற்காட்டிலும் புதிய செய்தி அன்று. யார், எந்தச் சூழலில், எந்த ஒலியைச் சொல்கிறார்கள் என்று கேட்டால்தான் அது ஆய்வுக் கேள்வியாகும் என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

முன்மாதிரியாக இருந்தது, அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க்கின் மூன்று பெரிய அங்காடிகளில் செய்த ஆய்வு. நான்காம் தளத்தில் விற்கும் பொருள் எங்கே என்று ஊழியர்களிடம் விசாரித்து, 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற விடையில் ரகரம் ஒலிக்கிறதா என்று கவனித்தார். சரியாகக் கேட்காததுபோல் மறுபடி வினவி, நிறுத்திச் சொல்லும் இரண்டாம் விடையையும் பெற்றார். இப்படி 264 பேரிடம் கேட்டதில், விலை உயர்ந்த அங்காடியில் ரகரம் மிகுந்தும் மலிவான அங்காடியில் குறைந்தும் இருந்தது.

அவருடைய விரிவான நேர்காணல்களில் இன்னொரு வழியும் உண்டு: ஒரு பத்தியையும் சொற்பட்டியலையும் வாசிக்கச் செய்து, கவனமாகப் பேசும் பாங்கைப் பதிவுசெய்வது. தமிழில் இது அப்படியே செல்லாது. 'கீழே' என்று அச்சிட்ட தாளை நீட்டினால், வாசிப்பவர் பள்ளியில் பழகிய எழுத்துத் தமிழுக்குப் போய்விடுகிறார்; பேச்சில் கவனம் கூடியதால் ழகரம் வந்ததா, வழக்கே மாறியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது. எழுத்துக்கு ஒன்று, அன்றாடப் பேச்சுக்கு ஒன்று என ஒரே மொழியில் இரு வழக்குகள் இருப்பதை மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் 'இரட்டை வழக்கு' என்று விளக்கினார். அது பாடமாகப் படித்தபோது வெறும் வரையறையாக இருந்தது. இங்கேதான் அது என் ஆய்வு முறையையே தீர்மானித்தது. வாசிப்பைக் கைவிட்டு, மறுபடி கேட்கும் உத்தியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

'நாலாவது மாடி'யில் ழகரம் இல்லை என்பதால் 'கீழே'யைத் தேர்ந்தேன். துணிக்கடையின் மாடிக்குப் போய், தரைத்தளத்தில் விற்கும் பொருளைக் கேட்பேன்.

"வேட்டி எங்கங்க இருக்கு?"

"கீய போங்கக்கா."

"எங்கங்க?"

"கீழ, கீழ இருக்குது."

படி இறங்கும் திருப்பத்தில் நின்று, கடையின் வகை, ஊழியரின் தோராய வயது, ஆணா பெண்ணா, இரண்டு விடைகள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். அனுமதியின்றி ஒலிப்பதிவு செய்யக் கூடாது என்பதால் காதுதான் கருவி. ஆகவே வகுப்புத் தோழி ஒருத்தியையும் அழைத்துச் சென்றேன். இருவரும் தனித்தனியே குறித்து, ஒத்துப்போன விடைகளை மட்டும் கணக்கில் சேர்த்தோம். ழகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையே ஊசலாடிய ஒலிகளே எங்களை அதிகம் பிரித்தன.

பலர் விரலை மட்டும் நீட்டினார்கள். இன்னும் பலர் 'கிரவுண்ட் ஃப்ளோருங்க' என்று முடித்துவிட்டார்கள். (ஆங்கிலத்தின் ஒலியை ஆராய வந்திருந்தால் அன்று எனக்கு நல்ல அறுவடை.) இத்தகைய விடைகளை விலக்கும் விதியை எண்ணிக்கையைத் தொடங்குமுன்பே எழுதிவைப்பது அவசியம், பிறகு எழுதினால், நமக்குப் பிடித்த முடிவுக்கு ஏற்ப விதி வளையும்.

குழுக்களிடையே தெரியும் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் புள்ளியியல் முறையான கை-வர்க்கச் சோதனையை எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள், ஆனால் அது தரவுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்வதை ஒருசிலரே வலியுறுத்துகிறார்கள். கடைகளை ஒப்பிட முதல் விடைகள் மட்டும் போதும். அதற்குக் கை-வர்க்கம் பொருந்தும். ஒரே ஆளின் முதல் விடையையும் இரண்டாம் விடையையும் ஒப்பிட, இப்படி இணையாக வரும் விடைகளுக்கென்றே உள்ள மெக்நேமர் சோதனை வேண்டும். இரண்டாம் விடையில் யகரம் ழகரமாகத் திரும்புவது பெரிய கடைகளில் தெளிவாகத் தெரிந்தது. சிறிய கடைகளில் 'கீய'யே பெரும்பாலும் சற்று உரக்க வந்தது.

வீட்டில் உருதோ தெலுங்கோ பேசுவோர் வேலூரில் ஏராளம். நின்ற நிலையில் கேட்கும் ஒரு கேள்வியில் அதை அறிய வழியில்லை என்பதை வரம்புகள் பகுதியில் எழுதினேன். தலைப்பிலிருந்த 'வட ஆற்காட்டு வழக்கு' என்ற தொடரையும் ஆசிரியர் அடித்துவிட்டார். பழைய நூல்கள் குறிக்கும் வட ஆற்காடு, திருவண்ணாமலை 1989இல் பிரிவதற்கு முந்தைய பெரிய மாவட்டம். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்த பின் எஞ்சிய வேலூரிலும் நான் கேட்டது நகரத்துத் துணிக்கடைகளில் மட்டுமே. 'வேலூர் நகரத் துணிக்கடை ஊழியர் பேச்சில் ழகர ஒலிப்பு' என்று திருத்திச் சமர்ப்பித்தேன்.