அமில பாட்டில் யார் கையில்?

எங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலத்தை இனிமேல் நான்தான் ஊற்றுவேன், பிள்ளைகள் யாரும் பாட்டிலைத் தொடக்கூடாது. இப்படி ஒரு முடிவெடுத்து, அந்தக் கல்வியாண்டின் பெரும்பகுதி அதன்படியே நடந்தேன். யாராவது கேட்டால் சரியான முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் பிளஸ் டூ மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தால் பேச்சு தடுமாறுகிறது.

காரணம் ஒரு சின்ன விபத்து. கொடுத்த உப்பில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் உப்புப் பகுப்பாய்வின்போது ஒரு பையன் அமிலம் விட்டுச் சூடாக்கிய சோதனைக்குழாய் குபுக்கென்று பொங்கி, பக்கத்தில் நின்றவன் முன்கையில் தெறித்தது. குழாயின் வாய் ஆள் இல்லாத பக்கம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன், அன்றும் சொல்லியிருந்தேன். அமிலத்தை முறிக்கலாம் என்று பிள்ளைகள் சோடா உப்பைத் தேடி ஓடினார்கள். முதலில் தண்ணீர்தான் என்று அவன் கையைக் குழாயடியில் பிடித்து, கால் மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டேன். ஒரு கொப்புளத்தோடு ஆறிவிட்டது. ஆனால் அதே துளி கண்ணில் பட்டிருந்தால்? எங்களிடம் இருந்த பாதுகாப்புக் கண்ணாடிகள் ஒரு மேசைக்குக்கூடப் போதாது.

"ரிஸ்க் வேணாம் டீச்சர், நீங்களே ஊத்திக் குடுத்துடுங்க" என்றார் தலைமையாசிரியர். எனக்கும் அதுவே தோன்றியிருந்தது.

பொறுப்பு என் தலையில்தான் இருக்கிறது. அமில வீச்சு வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது கடைகளுக்கு மட்டுமானதல்ல. அமிலம் வைத்திருக்கும் கல்வி நிலையங்கள் பயன்பாட்டுப் பதிவேடு வைக்க வேண்டும், பாதுகாப்புக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், ஆய்வகத்தை விட்டு வெளியேறும் மாணவர்களைச் சோதிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்கள் பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து.

அந்த மாணவி கேட்டது, உப்பில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்கும் பழுப்பு வளையச் சோதனை அன்று. நைட்ரேட் உப்பின் கரைசலில், அப்போது தயாரித்த ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலைச் சேர்த்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, அமிலத்தைப் பக்கச்சுவர் வழியாக மெல்ல இறக்க வேண்டும். அமிலம் தண்ணீரைப் போல 1.84 மடங்கு கனம், அதனால் சத்தமில்லாமல் அடியில் போய்த் தங்கும். இரண்டும் தொடும் இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் வரும். கை கொஞ்சம் நடுங்கினால் போதும், இரண்டும் கலந்து சூடேறி வளையம் காணாமல் போய்விடும். இதில் படிப்பதற்கு அதிகம் இல்லை, எல்லாம் கைப்பழக்கம். அன்று ஒவ்வொரு குழாயிலும் நான்தான் இறக்கினேன். எல்லோருக்கும் வளையம் அழகாக வந்தது.

"மிஸ், வளையம் வந்துச்சுன்னு நோட்ல எழுதணுமா?"

"வந்துச்சுல்ல, எழுதும்மா."

"வரவெச்சது நீங்க. தப்பாப் பிடிச்சது அவன். நான் ஏன் மிஸ் தொடக்கூடாது?"

"எல்லாருக்கும் பாதுகாப்புக்குத்தான்."

"அப்ப பிராக்டிகல் எக்ஸாம்ல?"

பாடத்தைப் பார் என்று சொல்லி நகர்ந்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பொதுத்தேர்வில் புறத்தேர்வாளர் முன்னால் யாரும் யாருக்கும் ஊற்றித் தர முடியாது. வருஷம் முழுக்க நான் காப்பாற்றி வைத்த பிள்ளைகள், கை நடுங்குவதற்கென்றே அமைந்த மாதிரியான ஒரு நாளில், முதல்முறையாக அந்த பாட்டிலைத் தூக்குவார்கள். அப்படியானால் நான் ஆபத்தைக் குறைத்தேனா, தேர்வு நாளுக்குத் தள்ளிப்போட்டேனா?

அம்மா எனக்குக் காய் நறுக்கக் கற்றுக்கொடுத்தது என்னை அரிவாள்மனையில் உட்கார வைத்துத்தான். ஆனால் அம்மாவுக்கு முன்னால் நான் ஒருத்தி. எனக்கு முன்னால் ஒரு வகுப்பே நிற்கிறது, பர்னர் எரிகிறது, ஆய்வக உதவியாளர் பாதி நாள் அலுவலக வேலையில் இருப்பார். இந்த நிலையில் பாட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடு என்று எனக்குச் சொல்பவர் வந்து ஒரு பீரியட் நின்று பார்க்கட்டும்.

அப்புறம் தலைமையாசிரியரிடம் பேசி, திருப்புதல் நாட்களில் வகுப்பைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்தேன். முடியைக் கட்டி, துப்பட்டாவைப் பின் குத்தி, இருக்கிற கண்ணாடியைக் குழுவுக்குக் குழு மாற்றி, ஒவ்வொருவரும் தானே அமிலம் இறக்கினார்கள். அந்த மாணவிக்கு முதல் தடவை வளையம் கலைந்துவிட்டது. "பரவாயில்லை மிஸ், இன்னொரு தடவை" என்று வேறு குழாய் எடுத்தாள். இரண்டாவதில் வந்தது. மற்றவர்களில் சிலருக்கு அந்த இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கவில்லை, நேரம் போதவில்லை.

தேர்வில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்து என் முடிவு சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பையனின் கையில் தெறித்த நாள்வரைக்கும்கூட ஒன்றும் ஆகாமல்தான் இருந்தது. இந்த வருஷமும் அரையாண்டு வரை நானே ஊற்றுகிறேன். குழு பிரிப்பதை முன்னதாகவே தொடங்க வாரத்துக்கு ஒரு பீரியட் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். கிடைத்தாலும் கண்ணாடி வேண்டும்.