நாற்காலிக்குக் காசு வருகிறது, ரியூப்புக்கு வருவதில்லை

போன மாதக் கணக்கில் நான் கடைசியாக எழுதிய செலவு: சக்கர நாற்காலிக்கு 24 அங்குல ரியூப் இரண்டு, 1,400 ரூபாய். சங்கத்தின் வங்கிக் கணக்கில் அன்றைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் கிடந்தது. ஆனால் அவ்வளவும் ‘புதிய சக்கர நாற்காலி வாங்குவதற்கு மட்டும்’ என்று எழுதி வந்த காசு. அதில் கை வைக்க முடியாது. என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, பற்றுச்சீட்டைக் கோப்பில் குத்தினேன்.

இலண்டனில் இருக்கும் பெறாமகன் அடுத்த நாள் தொலைபேசியில் வந்தான். “சின்னம்மா, நாங்களும் ஊருக்கு ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கப் போகிறோம். எப்படித் தொடங்குவது, எப்படி நடத்துவது என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்” என்றான். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் கணக்கெழுதி ஓய்வுபெற்றவள். இப்போது யாழ்ப்பாணத்தில் இணுவிலில் ஒரு சின்னச் சங்கத்துக்குப் பொருளாளர். நாங்கள் செய்வது இரவல் கொடுப்பது மட்டும்தான். சக்கர நாற்காலி, கொமோட் கதிரை, நான்கு கால் வோக்கர், காற்று மெத்தை. விழுந்து எலும்பு முறிந்தவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து ‘இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்’ என்று அனுப்பப்பட்டவர்கள் வாங்கிப்போவார்கள். தேவை முடிந்ததும் திரும்பத் தர வேண்டும். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்ஸிலும் இருக்க, தாயும் தகப்பனும் இங்கே ஒரு பெரிய வீட்டில் தனியே இருக்கிற ஊர் இது. தேவைக்குக் குறைவில்லை.

சங்கம் வருமுன்பே இரவல் கொடுப்பது வந்துவிட்டது. அம்மா 14 மாதம் படுக்கையில் இருந்து போனார். அந்தியேட்டி முடிந்து பந்தல் பிரித்த பிறகும் அவருடைய சக்கர நாற்காலி விறாந்தையிலேயே நின்றது. பின் ஒழுங்கையிலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, “தங்கச்சி, அது சும்மாதானே நிற்கிறது, அண்ணைக்கு ஒரு கிழமைக்குத் தருவீர்களா?” என்று கேட்டார். ஒரு கிழமை ஐந்து மாதமானது. அது திரும்பி வருவதற்குள் இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு ஒரு பழைய கொப்பியில் பெயரும் திகதியும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எங்கள் சங்கம் தொடங்கியது அன்றைக்குத்தான். பதிவு செய்தது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து.

ஆகவே பெறாமகனே, முதலில் ஆறு மாதம் வேலையைச் செய்து பார். பெயர், சின்னம், இறப்பர் முத்திரை எல்லாம் பிறகு பார்க்கலாம். முத்திரையோடு தொடங்கி முத்திரையோடு முடிந்த சங்கங்கள் எனக்கு நாலைந்து தெரியும்.

பதிவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்தான் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் பதியப்படுகின்றன. ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் வேலை செய்தால் அந்தப் பிரதேச செயலகம், மாவட்டம் முழுவதுமென்றால் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம், பல மாவட்டங்கள் என்றால் கொழும்பில் உள்ள தேசிய செயலகம். நிதி மோசடி என்று விசாரணையில் தெரியவந்தால் இடைக்கால நிர்வாக சபையை நியமிக்க 1998ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் கொடுக்கிறது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல, கணக்கை விளையாட்டாக எடுக்கக் கூடாது என்பதற்காக. பெரிதாகச் செய்ய நினைத்தால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் 34ஆம் பிரிவு இருக்கிறது, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. அதில் பங்கும் இல்லை, இலாபம் பிரிப்பதும் இல்லை. இலண்டன் பக்கத்தில், ஆண்டு வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால் அங்கேயும் பதிய வேண்டும். அதை அவன் அங்கேயே விசாரிக்கட்டும்.

யாப்பு, அதாவது சங்கத்தின் விதிகள், மட்டும் கவனம். எங்களுக்கு எழுதத் தெரியவில்லை, தெரிந்த ஒருவர் மூலம் வேறொரு சங்கத்தின் யாப்பை வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுத்தோம். பிரதேச செயலகத்தில் இருந்த பிள்ளை பொறுமையாக வாசித்துவிட்டு, “அம்மா, ஆறாம் பிரிவில் வலைகளையும் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களையும் பராமரிப்போம் என்று இருக்கிறதே?” என்று கேட்டாள். இணுவிலில் மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. வெட்கத்தோடு திரும்பி வந்து, ஏழு பேரும் சனசமூக நிலையத்தில் இரண்டு பின்னேரம் உட்கார்ந்து நாங்களே எழுதினோம். காசோலையில் மூவரில் இருவர் கையெழுத்து. சங்கம் கலைந்தால் பொருட்கள் இதே வேலை செய்யும் இன்னொரு அமைப்புக்கே போக வேண்டும், உறுப்பினர் வீட்டுக்கு அல்ல. தலைவர் மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாடு போனால் பதில் தலைவர். கடைசி விதியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருடமே எங்கள் தலைவர், மாஸ்டர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், மகளின் பிரசவத்துக்கென்று ரொறன்ரோ போய் ஏழு மாதம் நின்றார். போகுமுன் பத்துக் காசோலையில் கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறேன் என்றார். “மாஸ்டர், வெற்றுக் காசோலை வைத்திருந்த கிளார்க்குகள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும், வேண்டாம்” என்றேன்.

இனி ‘அமரர்’ கதை. பாரிஸிலிருந்து ஒரு குடும்பம் தகப்பனாரின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு ஐந்து சக்கர நாற்காலிகளுக்குக் காசு அனுப்பியது. முதுகுத் துணியில் பெரிய எழுத்தில் ‘அமரர்’ என்று தொடங்கிப் பெயரும் ‘ஞாபகார்த்தமாக’ என்பதும் போட வேண்டும் என்றார்கள். போட்டோம். முதல் நாற்காலியை வாங்க வந்த அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “பிள்ளை, அவர் இன்னும் சாகவில்லை. முதுகில் அமரர் என்று போட்டு அவரை எப்படி ஒழுங்கையால் தள்ளிக்கொண்டு போவேன்?” என்றார். பதில் சொல்ல வரவில்லை எனக்கு. பழைய துண்டு ஒன்றைப் போட்டு மறைத்துக் கொடுத்தேன். மற்ற நான்கும் இரண்டு மாதம் அசையவே இல்லை.

கொடுத்தவர்களின் மனமும் நோகக் கூடாது. கடைசியில், பெயரை ஒரு சிறிய தகட்டில் அடித்து இருக்கைக்கு அடியில் பூட்டினோம். அந்தக் குடும்பத்து மூத்த மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது ஒரு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் படமெடுத்துக்கொண்டு போனார். கோபிக்கவில்லை.

யார் யார் எந்த நாற்காலியில் இருந்தார்கள் என்பதை எங்கள் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் எழுதுவதில்லை. “இதில் கடைசியாக இருந்தவர் எப்படி, சுகமா?” என்று கேட்பவர்கள் உண்டு. கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறோம் என்று மட்டும் சொல்வேன்.

திரும்பி வராத பொருள் இன்னொரு தலையிடி. வைப்பாக 3,000 ரூபாய் வாங்குகிறோம், இல்லாதவர்களிடம் வாங்குவதில்லை. வைப்பு வாங்கியதனால் பொருள் திரும்புகிறது என்று நினைத்தேன். உண்மையில் திரும்புவது நாங்கள் போய்ப் பார்ப்பதனால்தான். மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு புறப்படுவேன். ஒரு வீட்டில், ஐயா போய் எட்டு மாதம். நாற்காலி வீட்டின் பின்கோடியில் நின்றது, அதன்மேல் எரிக்க வைத்த பன்னாடையும் ஊமலும் குவிந்திருந்தன. மருமகள் பதறிப்போய் இறக்கினாள். முன் சக்கரம் ஒன்று இறுகிவிட்டது, இருக்கைத் துணியைக் கறையான் தின்றிருந்தது. திட்ட வாய் வரவில்லை. செத்த வீட்டில் சாமான் கேட்டு யாரும் வரவில்லை என்றால் அதை யார் நினைப்பார்கள்? பிழை எங்களுடையது, அந்த எட்டு மாதமும் நான் போகவில்லை.

காற்று மெத்தையும் இப்படித்தான். அதன் அறைகள் மாறி மாறி ஊதி இறங்குவதால் உடம்பின் ஒரே இடத்தில் பாரம் நிற்காது, படுக்கைப்புண் வருவது குறையும். ஆனால் மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது மெத்தைகள் படுத்துவிட்டன. வீடு வீடாகப் போய், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆளைப் புரட்டிவிடச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதே வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. வெளிநாட்டிலிருந்து வந்த காசு ரூபாயில் பெருத்தது, நாற்காலி விலையும் கூடவே பெருத்தது. நான் சொல்ல வருவது மெத்தையைப் பற்றி அல்ல, அந்த நாட்களில் சங்கத்துக்குத் தேவைப்பட்டது நடக்கிற ஆட்களும் ஓட்டோ கூலியும்தான். வந்த வட்ஸ்அப் செய்தியெல்லாம் “இன்னும் எத்தனை நாற்காலி வேண்டும்?” என்றே கேட்டது.

மாஸ்டர் எந்தக் கூட்டத்தையும் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் வைத்திருந்த புத்தகங்களை ஊருக்கு வாசிக்கக் கொடுத்தார், அடுத்த வருடம் ஒரு குழு கூடியது, 1934 ஓகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு நூலகம் திறந்தது என்று சொல்லி, “ஒரு மனுசன் வீட்டில் தொடங்கியது” என்று மேசையில் தட்டுவார். எனக்கு 844ஐ விட அந்த வாடகை அறையில்தான் கண் போகும். மாதம் பிறந்தால் யாரோ அந்த வாடகையைக் கட்டியிருக்க வேண்டுமே. புத்தகம் கொடுப்பவருக்குப் பெயர் உண்டு, வாடகை கொடுப்பவருக்கு என்ன உண்டு?

அப்பாச்சி உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து மூலையில் இருந்த முட்டிக்குள் போடுவார். கோயிலுக்கும் மடத்துக்கும் அது போகும். அந்த நினைவில்தான் ஊருக்குள் ஒரு சந்தா அட்டை அடித்தோம், வீட்டுக்கு மாதம் 100 ரூபாய். 62 வீடு சேர்ந்தது. ஒழுங்காகத் தருவது நாற்பதுக்குக் கிட்ட. போன மாதம் 41 வீடு, 4,100 ரூபாய். அதில் ஓட்டோ 3,200, இருக்கைப் பஞ்சு 700, அட்டை அச்சு 200. முடிந்தது. ரியூப்புக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மருதனார்மடத்துச் சைக்கிள் கடைத் தம்பி பூட்டுக்கூலி வாங்க மாட்டான். அவனிடம் ‘கூலி இலவசம்’ என்று எழுதிய சிட்டை ஒன்று வாங்குவேன். “அக்கா, இதற்கும் சிட்டையா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். அவன் கடையை மூடினால் எங்களுக்கு எவ்வளவு செலவாகும் என்று அப்போதுதானே தெரியும்.

இப்போது நாற்காலிக்கு நன்கொடை தருகிறவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறோம். ஒரு நாற்காலியின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கும் சேர்த்துத் தாருங்கள் என்று. பாதிப் பேர் தருகிறார்கள். ஒருவர், “முழுக் காசும் ஏழைகளுக்கே போக வேண்டும், நிர்வாகச் செலவுக்கு ஒரு சதமும் தர மாட்டோம்” என்று எழுதினார். காற்றுப் போன சக்கரத்தில் ஏழை எப்படிப் போவார் என்று எழுதிவிட்டு, அழித்துவிட்டு, நன்றி என்று மட்டும் எழுதினேன்.

கணக்காய்வாளர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவரும் ஓய்வுபெற்றவர், தேநீருக்கு மேல் எதுவும் வாங்காதவர். ரியூப் பற்றுச்சீட்டில் விரலை வைத்து, “இந்த 1,400 எங்கிருந்து வந்தது?” என்றார்.

“என் கையால் கொடுத்தேன்.”

“அப்படியென்றால் நன்கொடை என்று போடுவோமா?”

முன்பென்றால் ஓம் என்றிருப்பேன். எத்தனையோ ஓட்டோக் கூலியை அப்படி விழுங்கியிருக்கிறேன். அதனால்தான் எங்கள் வருடாந்த அறிக்கையைப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சங்கம் செலவில்லாமல் ஓடுவதுபோலத் தெரிகிறது. “இல்லை, பொருளாளரிடம் வாங்கிய கடன் என்று போடுங்கள்” என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டு எழுதினார்.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பெறாமகனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்: “சின்னம்மா, அந்த 1,400ஐ நான் அனுப்பிவிடுகிறேன்.”

அனுப்பு, ஆனால் எதற்கென்று எழுதாமல் அனுப்பு என்று பதில் போட்டிருக்கிறேன்.