காசிமேட்டு ஐஸ் பெட்டியும் ஊட்டி ஸ்ட்ராபெர்ரியும்

மே மாதத்தில் வடசென்னைக்குப் போகிறேன் என்றால், கோயம்புத்தூரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இந்த வெயில்லயா?" ஆமாம், இந்த வெயிலில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டியே கிடக்கும். ஃபைபர் படகுகள் மட்டும் போய் வரும். மாமாவுக்கு மீனை ஐஸில் அடுக்கி வெளியூருக்கு அனுப்பும் தொழில். மற்ற மாதங்களில் விடியும் முன்பே துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். அவரை நாள் முழுக்க வீட்டில் பார்க்கக் கிடைப்பது கத்திரி வெயிலில்தான். அத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து சமைப்பதும் அப்போதுதான்.

இந்தக் கோடையில் பிள்ளைகளை முதலில் ஊட்டிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்தே ஸ்ட்ராபெர்ரி வாங்கிக்கொண்டு தண்டையார்பேட்டை அத்தை வீட்டுக்குப் போவது என்று முடிவு. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது; மே மாதத்திலும் காலையில் ஸ்வெட்டர் வேண்டும். ஸ்ட்ராபெர்ரிக்கு வேண்டியதும் அந்தக் குளிர்தான். நீலகிரியின் பெயரையே தாவரவியல் பெயரில் வைத்திருக்கும் காட்டு ஸ்ட்ராபெர்ரி ஒன்றும் உண்டு: ஃப்ரகேரியா நில்கெரென்சிஸ். நாம் கடையில் வாங்குவது அது இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில், சிலியிலிருந்து போன செடியும் வட அமெரிக்கச் செடியும் கலந்து பிறந்த வகைதான் கடையில் கிடைப்பது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாங்காயை வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கலாம். ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு பழுக்காது. காம்பு இலைக்குக் கீழே வெள்ளையாக இருந்தால், நாளைக்கு நிறம் கொஞ்சம் ஏறினாலும் இனிப்பு ஏறாது. அதனால் தோள் வரை சிவந்த பழமாகப் பாருங்கள். டப்பாவைத் தூக்கி அடிப்பக்கமும் பார்த்துவிடுங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் கீழ் வரிசை நசுங்கிவிட்டது என்று அர்த்தம்.

மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல். ஸ்டேஷன் வாசலில் மாமா புதுத் தெர்மாகோல் பெட்டியும் உடைத்த ஐஸுமாக நின்றிருந்தார். மீன் பெட்டியில் வைத்தால் வாடை ஏறிவிடும் என்று புதிதாக வாங்கியிருக்கிறார். அங்கேயே, ஆட்டோ ஸ்டாண்ட் ஓரத்தில் உட்கார்ந்து பெட்டியைக் கட்டினார். அடியில் ஐஸ், அதன்மேல் கனமான பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மடித்த செய்தித்தாள், பிறகுதான் பழ டப்பாக்கள். உருகும் தண்ணீர் வடிய ஓரத்தில் ஒரு துளை.

"மீன்னா ஐஸ் மேலயே படணும்மா. கிலோவுக்குக் கிலோ போட்டாத்தான் நிக்கும். இதுக்கு ஜில்லு மட்டும் போதும், தண்ணி படக்கூடாது. தண்ணி பட்டா அழுகிடும்" என்றார்.

அவர் இதற்கு முன் ஸ்ட்ராபெர்ரியைக் கையில் எடுத்ததே இல்லை. ஆனாலும் அவர் சொன்னது அத்தனையும் சரி. பழத்தின் சூட்டைச் சீக்கிரம் இறக்க வேண்டும், ஈரம் அண்டவிடக் கூடாது. இந்தப் பழத்தைக் காப்பாற்ற இவ்வளவுதான் வித்தை. குளிர் ஊரில் விளையும் பழத்துக்கு அன்றைக்குக் காசிமேட்டுத் தொழில்தான் கைகொடுத்தது. எனக்கு அதில் இன்னும் பெருமை தீரவில்லை.

சும்மா வருகிறவர்கள் சென்ட்ரலில் மெட்ரோ ஏறிவிடலாம். 2021-இல் விம்கோ நகர் வரை நீட்டிய பிறகு, மண்ணடி, வண்ணாரப்பேட்டை எல்லாம் தாண்டித் தண்டையார்பேட்டையில் குளுகுளுவென்று இறங்கலாம். சொட்டுகிற பெட்டியோடு எங்களுக்கு ஆட்டோதான். வால்டாக்ஸ் ரோட்டில் லாரிகள், மின்ட் பக்கம் அப்போதுதான் திறக்கும் கடைகள், வண்ணாரப்பேட்டைக்குள் நுழைந்ததும் தண்ணீர்க் குடங்கள். பிள்ளைகள் பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

வீட்டில் முதலில் பழத்தைக் கையில் எடுத்தது ஆயா, மாமாவின் அம்மா. "இன்னாடி இது, கோவப்பழம் மாதிரி கீது! புளிக்குமா, இனிக்குமா?"

"ரெண்டும் ஆயா."

கடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அத்தையைப் பார்த்து, "மாங்கா பச்சடி பண்றா மாதிரி பண்ணிடு" என்றார்.

நான் மனதில் வைத்திருந்தது ஜாம் மட்டும்தான். ஆயா சொன்னதைக் கேட்டதும், இது ஏன் இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை என்றிருந்தது. புளிப்பும் இனிப்பும் சேர்ந்த பழம் வந்தால் வெல்லம், மிளகாய், கடுகு போட நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாதா என்ன?

பழத்தைக் காம்பு இலையோடுதான் கழுவ வேண்டும். இலையைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்கி, பழம் சப்பென்று ஆகிவிடும். கழுவிப் பருத்தித் துண்டில் பரப்பினோம். மாமா சின்னக் கத்தியால் காம்பைச் சுழற்றி எடுத்தார். சதை துளி வீணாகவில்லை.

அரைக்கிலோ பழத்தை நாலாக நறுக்கினாள் அத்தை. நல்லெண்ணெயில் கடுகு, இரண்டு காய்ந்த மிளகாய், துளி பெருங்காயம், பொடியாக நறுக்கிய இஞ்சி. பழத்தையும் உப்பையும் போட்டதும் அதுவே தண்ணீர் விட்டுக்கொண்டது, தனியாக ஊற்றவே வேண்டாம். ஐந்து நிமிடத்தில் குழைந்துவிட்டது. கரைத்து வடிகட்டிய வெல்லம் 150 கிராம். சேர்ந்து வரும்போது, சித்திரையில் காயவைத்த வேப்பம்பூவை வறுத்து ஆயா தன் கையால் தூவினார். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான் என்று அத்தையின் பேரனிடம் சொன்னேன். "அப்ப ரெண்டும் ஒரே ஊரா?" என்று கேட்டு வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் அதைத் தயிர்சாதத்தோடு சாப்பிட்டோம். வெளியே அனல். தட்டில் ஜில்லென்ற தயிர்சாதம், ஓரத்தில் செக்கச்செவேல் பச்சடி. முதலில் வெல்லம், உடனே புளிப்பு, கடைசியில் வேப்பம்பூவின் கசப்பு. க்ரீம், கேக் எல்லாம் அதன் சொந்த ஊர்களில் நன்றாகவே இருக்கட்டும். சென்னைக் கோடையில் இந்தப் பழத்துக்கு ஏற்ற இடம் தயிர்சாதத் தட்டுதான் என்பேன். நம்பாதவர்கள் ஒருமுறை செய்து பாருங்கள்.

ஜாமுக்கு ஒரு கிலோ பழம், 600 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சை. சர்க்கரையைக் கலந்து இரண்டு மணி நேரம் ஊறவிட்டால் பழம் தானே சாறு விடும். ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் ஸ்ட்ராபெர்ரியில் குறைவு. எலுமிச்சையின் புளிப்பு இல்லாவிட்டால் ஜாம் கெட்டிப்படாமல் ஓடும். அலுமினியப் பாத்திரமும் இரும்பு வாணலியும் வேண்டாம், அடிகனமான எவர்சில்வர் போதும். தெர்மாமீட்டர் இருந்தால் 105 டிகிரி. இல்லாவிட்டால் ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் இறக்கிவிடலாம். சர்க்கரை குறைவு என்பதால் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

மிஞ்சிய நைந்த பழங்களைப் பிள்ளைகள் அரைத்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, குச்சி செருகிக் குச்சி ஐஸ் ஆக்கினார்கள். ஒரு சிட்டிகை உப்பு அதில் கட்டாயம்.

மாலையில் அத்தை ஒரு கிண்ணம் ஜாமைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். வடசென்னையில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவதில்லை. மறுநாள் அந்தக் கிண்ணம் நெத்திலிக் கருவாட்டோடு திரும்பி வந்தது. தடைக்காலத்தில் அதற்கு வீட்டில் பெரிய மரியாதை. இரவே கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்துவிட்டோம்.