மணியின் 19,000

பாம்பனில் விசைப்படகு ஓட்டும் அண்ணன் ஒருவர் போன வாரம் தன் நாட்டு நாய் மணியை ராமநாதபுரத்தில் என் கிளினிக்குக் கூட்டி வந்தார். பக்கத்து வீட்டு நாய் உண்ணிக் காய்ச்சலில் செத்துவிட்டதாம். மணியின் காதுக்குள்ளும் உண்ணி. "ரத்தத்தப் பாத்துருங்க டாக்டரம்மா."

எடுக்க விட்டால்தானே. முதல் குத்தில் உதறிவிட்டான். இரண்டாவதில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

மெஷின் சீட்டில், ரத்தம் உறைய உதவும் தட்டணு 19,000. நாய்க்கு ஏறக்குறைய 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். வெள்ளையணு 21,000, அது அதிகம். அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. மணியோ மேசைக் காலை மோந்துகொண்டு வாலாட்டுகிறான். ஈறில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை, ஊசி குத்திய இடத்தில் கசிவும் இல்லை.

சரி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து ஸ்மியர் போட்டேன். இந்தக் கடல் ஈரத்தில் ஸ்லைடு மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுக்களில் பளபளவென்று ஓட்டை விழும். அதைச் சிவப்பணுவுக்குள் குடியேறும் உண்ணிக் கிருமி பேபீசியா என்று நம்பி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். இப்போதெல்லாம் இழுத்த கையோடு ஃபேனுக்கு நேரே பிடித்துவிடுவேன். லீஷ்மன் சாயம் ஏற்றிப் பார்த்தால், ஸ்மியரின் வால் நுனியில் தட்டணுக்கள் வெந்த ஜவ்வரிசி மாதிரி கட்டி கட்டியாக ஒட்டிக் கிடக்கின்றன. மெஷின் அணுவின் அளவைப் பார்த்து எண்ணுகிறது. கட்டியைத் தட்டணுவாகச் சேர்க்காது. பெரிய கட்டி வெள்ளையணுக் கணக்கில் போய் விழும். குற்றம் சொட்டுச் சொட்டாக எடுத்த என் கையுடையது.

இன்னொன்றும் உறுத்தியது. எம்.சி.எச்.சி, அதாவது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்ற கணக்கு, 41. சிவப்பணுவுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபினை அடைக்க இடமே கிடையாது. நுண்குழாயில் ரத்தத்தைச் சுழற்றினேன். மேலே நின்ற பிளாஸ்மா தேங்காய்ப்பால்.

"காலையில என்ன குடுத்தீங்க அண்ணே?"

"ஒன்னும் இல்லம்மா. சாளை பொரிச்ச எண்ணெயில கொஞ்சம் சோறு பெசஞ்சு..."

கொழுப்பு கலங்கி வெளிச்சத்தை மறைத்தால் ஹீமோகுளோபின் கூடுதலாகத்தான் காட்டும். ஸ்மியரில் உண்ணிக் காய்ச்சல் கிருமி எர்லிக்கியா கண்ணில் படவில்லை. அதை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. உண்ணிக்கு மாத்திரை கொடுத்து, மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன்.

வந்தார்கள். ஒரே குத்து, தட்டணு 2,18,000. அண்ணன்தான் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அவன் பட்டினி கெடக்கையில நான் மட்டும் எப்பிடிம்மா திங்கிறது?"